தை மாதத்துக் கனவும் புரட்டாதிக் கிணறும்

ரொறன்ரோவில் ஜனவரி நடுப்பகுதியில் சூரியன் எழும்போது மணி எட்டாகப் பத்து நிமிடம் இருக்கும். மாலை ஐந்து அடித்த கையோடு மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு வீட்டை விட்டு இறங்கும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. வாகனத்தைச் சுற்றிக் கிடக்கும் சினோவை வழித்து, படியில் உப்புத் தூவி, ஈரக் கையுறையைக் கழற்றிக் காயப்போடுகிற நேரத்தில்தான் அது கண்ணுக்குள் வரும். யாழ்ப்பாணத்து ஊரில் ஒரு சின்ன ஓட்டு வீடு, கூட்டிப் பெருக்கிய முற்றம், கிணற்றடியில் நாலு வாழை, வேலியோரம் முருங்கை, விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. செருப்பில்லாத கால், பூட்டாத படலை.

வயது போனவர்களின் ஏக்கம் என்று இதைத் தள்ளிவிடுவது சரியில்லை. அந்தக் கனவுக்குள் இருப்பவை வெளிச்சம், சூடு, கையால் செய்கிற வேலை, சொல்லாமல் வந்து போகிற சனம். நாலுமே மனிதருக்கு வேண்டியவை. ஒன்ராறியோக் குளிர்காலத்தில் நாலும் ஒரே நேரத்தில் சுருங்கிப்போகின்றன. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் பதினொன்றரை மணித்தியால நீளம் உண்டு. ரொறன்ரோவில் அது ஒன்பதுக்கும் குறைவு. இரண்டரை மணித்தியால வெளிச்சத்துக்கு மனம் அலைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வாழ்க்கை கைக்கு எட்டக்கூடியதுதான். அரைவாசி ஆண்டு அங்கும் அரைவாசி இங்குமாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், முழுதாகத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். சரிவராமல் போன இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பிழைதான் தெரிகிறது: கனவில் எப்போதும் தை மாதம்.

பொங்கலுக்குப் போய் வருகிறவர்கள் பார்ப்பது ஆண்டின் மிக நல்ல ஆறேழு கிழமைகளை. மழை ஓய்ந்திருக்கும். கிணறு நிரம்பி நிற்கும். வயலில் கதிர் சாய்ந்திருக்கும். பகலில் 28, 29 பாகை, விடியற்காலையில் 22, 23. விசிறி போடாமலே படுக்கலாம். அந்தக் காட்சியை நம்பிக் காணி வாங்குகிறார்கள், அத்திவாரம் போடுகிறார்கள், அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 14, 15 அளவில், நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். முற்றத்தில் நட்ட தடிக்கு நிழலே விழாது. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கும். பகலை விட இரவுதான் களைப்பாக்கும். காற்றில் ஈரம் கூடி, வியர்வை காயாமல் கிடக்கும். வைகாசியில் கிளம்பும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று புழுக்கத்தைக் கொஞ்சம் ஆற்றும், ஆனால் புழுதியை அள்ளி வரும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி அடிக்குப் போகும். பிறகு ஐப்பசி. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கும். ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம், சுவரில் பூஞ்சணம், விறகுக்குள் புடையன் பாம்பு. டெங்குக் காய்ச்சலும் இந்த மழையின் வாலைப் பிடித்து மார்கழி, தையில்தான் கூடும்; கனடாவிலிருந்து சனம் வந்திறங்குகிற அதே நாட்களில்.

ஆகவே வீடு கட்ட நினைப்பவர் முதலில் ஒரு முறை ஐப்பசிக் கடைசியிலும் ஒரு முறை வைகாசியிலும் போய் மும்மூன்று கிழமை தங்க வேண்டும். விடுதியில் தங்கினால் கணக்கில் சேராது. அந்த ஊரில், ஓர் ஓட்டு வீட்டில், குளிரூட்டி இல்லாமல். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று தொடக்கம் இரண்டு கிழமை எடுக்கும். மூன்றாவது கிழமையில்தான் உண்மையான பதில் தெரியும். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகச் செய்யும் குளிசை எடுப்பவர்கள் போகமுன் வைத்தியரிடம் அளவு பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். வியர்வையும் அந்தக் குளிசையும் சேர்ந்து நீரையும் உப்பையும் இழுத்துவிட்டால் தலை சுற்றி விழ நேரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது தண்ணீர்.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாமே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிய மழைநீர். அந்த நன்னீர் கல்லுக்குள் தானாக நிற்பதில்லை. கீழே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சாட்சி: மேலே அள்ளினால் நன்னீர், ஆழத்தில் உவர்.

கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்தில் நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாக யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் நன்னீரின் மட்டம் நெடுநாள் 1 அடி இறங்கியே நின்றால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். இங்கேயும் ஊறும், ஆனால் எது ஊறுகிறது என்பது இறைக்கிற வேகத்தைப் பொறுத்தது. துலாவும் பட்டையும் வைத்துக் கையால் இறைத்த காலத்தில் மனிதக் கையின் வேகமே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இன்று 2 குதிரைவலு மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் இறைத்தால், கரையோர ஊர்களில் அந்த ஆண்டே தேத்தண்ணி கரிக்கும். ஒரு முறை உவர் ஏறிய கிணறு ஒரு மழையில் திரும்பாது.

இரண்டு பேர் வாழும் வீட்டுக்கு அரைக் குதிரைவலு மோட்டரும் 1,000 லீற்றர் தாங்கியும் தாராளம். காலையில் அரை மணி, மாலையில் தேவைப்பட்டால் கால் மணி. உறிஞ்சு குழாயின் அடி வால்வு கிணற்றின் தரையைத் தொடாமல் 2 அடி மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் வண்டல் ஏறி வால்வு மூடாமல் போகும், ஒவ்வொரு காலையும் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டரை எழுப்ப வேண்டிவரும். கிணறு வற்றுகிறதே என்று ஆழமாகக் குழாய்க்கிணறு துளைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆழத்தில் இருப்பது உவர். துளை போட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வளவுக்கும் அது வழி திறந்துவிடும்.

உப்பை நாக்கு கண்டுபிடிக்கும். நைத்திரேற்றைக் கண்டுபிடிக்காது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது மழையோடு இறங்கி, கல்லின் வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்குப் போகிறது. மணல் நிலம் என்றால் தண்ணீர் வடிந்து இறங்க நேரமாகும்; சுண்ணாம்புக் கல்லில் அந்தத் தாமதமும் கிடையாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் எல்லை. குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. கொதிக்கவைத்தால் போய்விடும் என்ற எண்ணம் ஆபத்தானது: நீர் ஆவியாகக் குறைய, மீதி நீரில் நைத்திரேற்று இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மகள் வந்து நிற்கப்போகிற வீடு என்பதை நினைவில் வைத்தே கிணற்றைப் பார்க்க வேண்டும்.

காணியின் அளவு இங்கேதான் தலையிடுகிறது. ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. பிரித்துப் பிரித்துக் கொடுத்து இரண்டு பரப்பாக நிற்கும் வளவுகள்தான் இப்போது அதிகம். இரண்டு பரப்புச் சதுரக் காணியின் ஒரு பக்கம் 22 மீற்றருக்குச் சற்று மேல். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 15 மீற்றர் இடைவெளி வேண்டும் என்ற பொது விதியை உங்கள் வளவுக்குள் எப்படியோ பொருத்திவிடலாம். பக்கத்து வீட்டுக் குழி வேலிக்கு அந்தப் பக்கம் 3 மீற்றரில் இருந்தால்? காணி பார்க்கப் போகிறவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாலு அயலிலும் குழி எங்கே என்று கேட்டு, ஒரு கடதாசியில் கீறி வையுங்கள். உங்கள் குழியை அடி திறந்த குழியாக விடாமல், அடியும் சுவரும் சீமெந்துப் பூச்சிட்ட இரண்டு அறைத் தொட்டியாகக் கட்டுங்கள். செலவு கூடத்தான், வீட்டின் மற்ற அலங்காரம் எதையும் விட முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர் பிடிப்பதே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. கணக்கு மிக எளிது. 50 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50 லீற்றர். தெறிப்பும் ஒழுக்கும் போக ஐந்தில் நாலு பங்கு கைக்கு வரும் என்று வையுங்கள். இரண்டு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர்; தை முடிந்து ஐப்பசி வரைக்கும் 270 நாட்கள்; மொத்தம் 5,400 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி இரண்டு வைத்தால் விருந்தாளிகளுக்கும் மிஞ்சும். அவற்றை நிரப்ப 250 மில்லிமீற்றர் மழை போதும், கார்த்திகை ஒன்றிலேயே அது விழுந்துவிடும்.

பிழைக்கிற இடங்கள் மூன்று. கூரையில் ஒன்பது மாதமாகப் படிந்த புழுதி, காக்கை எச்சம், சருகு எல்லாம் முதல் மழையில் கழுவி வரும். ஆகவே ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மில்லிமீற்றரை, நம் கூரைக்கு 100 லீற்றரை, வெளியே விட வேண்டும். இதற்கு ஓர் அடைத்த குழாய்த் துண்டை இறக்கிவிட்டால் போதும் என்று சொல்லிப் பொருத்திக் கொடுப்பார்கள். 4 அங்குலக் குழாய் 1 மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும். 100 லீற்றருக்கு 12 மீற்றர் குழாய் வேண்டும். அதற்குப் பதில் 100 லீற்றர் பரல் ஒன்றைத் தாங்கிக்கு முன்னால் வையுங்கள். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தாங்கிக்குப் போகும். பரலின் அடியில் சின்ன ஒழுக்குத் துளை இருந்தால் அடுத்த மழைக்குள் தானே வெறுமையாகும். இரண்டாவது, வெளிச்சம். நீலத் தாங்கி, வெள்ளைத் தாங்கி என்று அழகு பார்க்காமல் கறுப்பு வாங்குங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். மூன்றாவது நுளம்பு. மூடி, வழிவுக் குழாய், காற்றுக் குழாய் மூன்றுக்கும் நுண்வலை கட்டாவிட்டால் நீங்களே டெங்கு நுளம்பு வளர்க்கிறீர்கள். வழிந்து போகும் மிகுதி நீரைத் தெருவுக்கு விடாமல், கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் விட்டால் அது நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்குத் துணை நிற்கும். அஸ்பெஸ்ரஸ் தகடு போட்ட பழைய வீடு என்றால், குடிநீர் பிடிக்க அந்தக் கூரை வேண்டாம். அதை வெட்டவும் துளைக்கவும் தேய்க்கவும் கூடாது, தூள் நுரையீரலுக்குள் போகும்.

மழைக்காலம் முடிந்து, வெள்ளம் கிணற்றுக்குள் வடிந்திருந்தால் குளோரின் போட வேண்டும். கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள். கிணற்றின் குறுக்களவு 2 மீற்றர், நீரின் ஆழம் இரண்டரை மீற்றர் என்றால் நீர் சுமார் 7,850 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்றால் 390 கிராம். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே குளோரின் இருப்பதால் 1.3 கிலோ வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்து, அடி மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் கிணற்றைச் சுற்றி ஊற்றி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மணம் போகும்வரை இடைவிட்டு இடைவிட்டு இறைக்க வேண்டும். கடையில் திறந்த சாக்கில் கிடந்த பவுடரில் குளோரின் பாதி பறந்திருக்கும்; மூடிய பொதியாக வாங்குங்கள். இதனால் கிருமி சாகும். நைத்திரேற்றும் உப்பும் அப்படியே இருக்கும்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய நாற்சார் வீடுகளைக் கட்டியவர்களுக்குத் தெரிந்ததே போதும். ஓட்டுக் கூரை, 3 அடி நீண்ட தாழ்வாரம், மேற்குச் சுவரில் சன்னல் குறைவு, ஆழமான விறாந்தை. வேதனை தருவது, கனடாவில் பார்த்த வீட்டை அங்கே கட்டுவது: தட்டைக் கொங்கிறீற் கூரை, பெரிய கண்ணாடி, மூடிய மாடிப்படி. கொங்கிறீற் தட்டு பகல் முழுதும் சூட்டை வாங்கி வைத்து இரவு முழுதும் படுக்கைக்கு மேல் கொட்டும். பிறகு குளிரூட்டி, அதற்கு மின்கட்டணம், மின்வெட்டுக்கு ஜெனரேற்றர். எளிய வாழ்க்கை அந்த இடத்தில் முடிந்துபோகும். சூரியன் நாலரை மாதம் வடக்கே நிற்கும் என்று மேலே சொன்னதை மேசனுக்கும் சொல்லுங்கள். தெற்குச் சுவருக்குத் தாழ்வாரம் விட்டு வடக்கை மொட்டையாக விடும் வரைபடங்கள் வேறு நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை.

தோட்டம் என்றதும் ஒரு ஏக்கர் கனவு காண்கிறவர்கள் உண்டு. முதல் ஆண்டுக்கு 2 மீற்றருக்கு 5 மீற்றர் பாத்தி ஒன்று போதும். மார்கழி நடுவில் வந்து பங்குனிக் கடைசியில் திரும்புகிறவருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பயிர் சின்ன வெங்காயம். நட்டு 60 தொடக்கம் 75 நாளில் கிண்டலாம். பத்துச் சதம மீற்றருக்கு ஒன்று என்று நட்டால் அந்தப் பாத்திக்கு 1,000 காய் வேண்டும். நிலம் மழை ஈரத்தில் சொதசொதத்து நிற்கும்போது அவசரப்பட்டு நட்டால் காய் அழுகும், தாள் முறுகும். கையில் எடுத்த மண் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். வெயில் நாளில் 10 சதுர மீற்றருக்கு 50 லீற்றர் தண்ணீர், அதாவது ஐந்து வாளி. இதை மோட்டர் இல்லாமல் கையாலேயே அள்ளி ஊற்றலாம். கனவில் வந்த வேலை இதுதானே. தாள் பழுத்துச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமை காயவிட்டு, தாளோடு கிண்டி, நிழலில் ஆறவைத்து, பிடி பிடியாகக் கட்டித் தூக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். ஈரத்தோடு சாக்கில் போட்டால் பத்து நாளில் வீடு மணக்கும்.

பனங்கிழங்குக்கு மட்டும் ஆள் வேண்டும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி மண் மூடும் நேரத்தில் நீங்கள் ரொறன்ரோவில் இலையுதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெறாமகனோ அயலவரோ 200 கொட்டை அடுக்கிவிட்டால் தையில் வந்து கிண்டலாம். அவித்த கிழங்கின் தோலை உரித்து, நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தையும் ஓடுகிற தும்பையும் இழுத்து எடுத்துவிட்டுச் சுடச்சுடத் தின்னும்போது ஒரு மாப்பதமும் மெல்லிய கசப்பும் வரும். மிஞ்சியதைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். இரண்டும் முறிக்கும்போது ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுமுன் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்துவிட மறக்கக் கூடாது.

அரைவாசி ஆண்டு பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டைப் பூட்டுவதற்கும் முறை உண்டு. தாங்கியை வடித்துக் காயவிடுங்கள். பெரிய மின் ஆளியை இறக்கும் முன் மோட்டருக்கு மட்டும் தனி இணைப்பு இருக்கிறதா பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாத மோட்டரின் உள்சக்கரம் துருப்பிடித்து இறுகும், யாராவது கிழமைக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். அலுமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள். கடதாசிப் பெட்டி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது; கறையான் முதலில் ஏறுவது அதில்தான். சுவரோரத்தில் மண் கோடு தெரிந்தால் உடனே தகவல் சொல்லும்படி வீட்டைப் பார்க்கிறவருக்குக் காட்டிக் கொடுங்கள். அணிலும் குரங்கும் நகர்த்திய ஓடுகளை ஐப்பசிக்கு முன் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். மறுபக்கம், குளிர்காலத்தில் ரொறன்ரோ வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறவர் பெரிய தண்ணீர் வால்வை மூடி, குழாய்களை வடித்து, சூட்டை 12, 13 பாகையில் விட வேண்டும். ஆளில்லாத வீட்டை இத்தனை நாளுக்கு ஒரு முறை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை பல காப்புறுதிப் பத்திரங்களில் இருக்கிறது. குழாய் வெடித்த பிறகு அந்த வரியை வாசித்துப் பயனில்லை.

கடதாசி வேலையில் நாலு விஷயம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணியில் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஆகவே பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்களின் பங்கு உறுதியில் எப்படி நிற்கிறது என்று பாராமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 ஆண்டு வாழ்ந்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடரும், ஆனால் குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்கு, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். கடதாசிக்கு வெளியே இன்னொன்று: இன்சுலின் போடுகிறவர்கள் மின்வெட்டுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும்: பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், நிழலும் காற்றும் உள்ள மூலை. குளிர்சாதனப் பெட்டிக்கு அது ஈடாகாது. பாவனையில் உள்ள ஒரு குப்பியைச் சில நாட்கள் காப்பாற்ற உதவும். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும்போது பானை அவ்வளவாகக் குளிராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் இருக்க, இந்தக் குளிருக்குள் இருந்தபடியே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நீரில் கரைந்த உப்பைக் காட்டும் பேனா போன்ற மானியும், மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாள் பெட்டி ஒன்றும் வாங்கி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில பெட்டிகள் நைத்திரேற்றின் அளவைக் காட்டும், சில அதிலுள்ள நைதரசனின் அளவை மட்டும் காட்டும். முதலாவதில் எல்லை 50. இரண்டாவதில் அதே எல்லை 11. மாற்றி வாசித்தால் கெட்ட கிணறு நல்ல கிணறாகத் தெரியும். மானியில், லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், 500க்குக் கீழ் நின்றால் நல்ல நீர், 1,000 தாண்டினால் நாக்கே சொல்லும். ஆனால் மானி நைத்திரேற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டாது, இரண்டும் வேண்டும்.

இன்னொன்று கயிறு. 30 அடி நைலோன் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டச் சொல்லுங்கள். மாதம் பிறந்த முதலாம் நாள், காலையில் மோட்டர் போடமுன், கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து இறக்க வேண்டும். கட்டிலிருந்து நீர் எத்தனையாவது முடிச்சில் தொடங்குகிறது, கல் தரையைத் தொட எத்தனை முடிச்சு, மானி என்ன காட்டுகிறது, தாள் என்ன நிறம். நாலையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். தையில் வரும் படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். காணிக்கு விலை பேசுவதை, புரட்டாதி முதலாம் திகதி கயிறு இறங்கி, எத்தனை முடிச்சு நனைந்தது என்று படம் வந்து சேரும்வரை தள்ளி வையுங்கள்.